எஞ்சினை வாலுக்குக் கொண்டுபோன காரவெல்

எந்தப் பெரிய விமான நிலையத்திலும் ஒரு மூலையில் நாலைந்து தனியார் ஜெட்கள் நிற்கும். அவற்றின் இறக்கைக்கு அடியில் எதுவும் தொங்காது. இரண்டு எஞ்சின்களும் வாலுக்குக் கொஞ்சம் முன்னால், உடலின் இருபுறமும் ஒட்டியபடி இருக்கும். பழகிப்போன காட்சி என்பதால் யாரும் நின்று யோசிப்பதில்லை. ஆனால் 1955-க்கு முன் ஒரு பயணிகள் ஜெட் விமானம் இப்படி வானில் ஏறியதே கிடையாது. எஞ்சினை முதலில் வாலுக்குக் கொண்டுபோனது, பிரான்சின் துலூஸ் நகரத்தில் உருவான காரவெல்.

விமானத்தை அழகாகக் காட்டவோ, புதுமைக்காகவோ செய்த மாற்றம் அல்ல அது. பக்கத்து நாட்டுக்குப் போவதற்கும் ஜெட் வேண்டுமா என்று எல்லோரும் தயங்கிக்கொண்டிருந்த நேரத்தில், வேண்டும் என்று துணிந்து சொன்னவர்கள் அந்தத் துணிச்சலுக்காகக் கண்டுபிடித்த வழி அது. காரவெல்லின் முழு வரலாறும், அது ஜெயித்த இடமும் தோற்ற இடமும் சேர்த்து, இந்தக் குறுகிய தூரம் என்ற விஷயத்தைச் சுற்றித்தான் நடக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரான்சின் விமானத் தொழில் நொறுங்கிக் கிடந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் அதன் தொழிற்சாலைகள் ஜெர்மனிக்காக வேலை செய்ய வைக்கப்பட்டன. அதனாலேயே நேச நாடுகளின் குண்டுகளுக்கும் இலக்காயின. பறக்கும் உலகம் ஜெட்டுக்குத் தாவிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் பிரெஞ்சுப் பொறியாளர்கள் பின்தங்கிப் போனார்கள். போர் முடிந்த கையோடு அவர்கள் செய்த பயணிகள் விமானங்கள் எதுவும் பெரிதாகப் போகவில்லை. நான்கு எஞ்சின் லாங்டாக் போருக்கு முந்திய வரைபடத்திலிருந்து வந்தது. இரண்டு எஞ்சின் கொண்ட பிரெத்தான், கோர்ஸ் போன்றவை உள்நாட்டு எல்லையைத் தாண்டிச் சந்தை பிடிக்கவில்லை. துலூஸிலேயே கட்டப்பட்ட பெரிய ஆர்மன்யாக் விமானத்தை, அது யாருக்காக வரையப்பட்டதோ அந்த ஏர் பிரான்ஸ் நிறுவனமே வாங்க மறுத்துவிட்டது. ஆர்மன்யாக்கைக் கட்டிய அரசு நிறுவனத்தின் பெயர் ஸ்யூட்-எஸ்ட். காரவெல் பிறந்ததும் அதே இடத்தில்தான். சொந்தத் தோல்வி கண்முன்னே நிற்கும்போது அடுத்த விமானத்தை வரைய உட்கார்ந்தவர்கள் அவர்கள்.

1951 அக்டோபர் 12-ஆம் தேதி பிரெஞ்சு அரசின் குடிமை விமானக் குழு ஒரு கோரிக்கையை வெளியிட்டது. 55 முதல் 65 பயணிகள், 1,000 கிலோ சரக்கு, 2,000 கிலோமீட்டர் வரை பறக்கும் திறன், மணிக்கு 600 கிலோமீட்டரைத் தாண்டும் வேகம். பாரிஸிலிருந்து ஐரோப்பியத் தலைநகரங்களுக்கும், அப்போது பிரான்சின் பிடியிலிருந்த வட ஆப்பிரிக்காவுக்கும் போய்வரப் போதுமான தூரம் அது. எந்த வகை எஞ்சின் என்று மட்டும் கோரிக்கை சொல்லவில்லை. அந்த மௌனம்தான் கதவைத் திறந்துவிட்டது.

ஏனென்றால் அந்த நாளில் விஷயம் தெரிந்தவர்கள் பெரும்பாலும் வேறு விதமாகத்தான் யோசித்தார்கள். ஜெட் எஞ்சின் அடர்த்தி குறைந்த மேல்காற்றில்தான் சிக்கனமாக ஓடும். தாழ்வான உயரத்தில் எரிபொருளைக் குடித்துத் தள்ளும். கடல் தாண்டிப் போகும் விமானம் மணிக்கணக்கில் மேலேயே இருக்கும், அதற்கு ஜெட் சரி. ஒன்றரை மணி நேரப் பயணத்தில் என்ன மிஞ்சும்? ஏறி முடிப்பதற்குள் இறங்க ஆரம்பிக்க வேண்டும். அதனால் குறுகிய தூரத்துக்கு, ஜெட் சுழலியைக் கொண்டு புரொபெல்லரைச் சுழற்றும் டர்போப்ராப்தான் பொருத்தம் என்பது அன்றைய பொதுக்கருத்து. பிரிட்டனின் விக்கர்ஸ் வைகவுன்ட் அந்தக் கணக்கில்தான் வந்தது, நன்றாகவும் விற்றது. ஆக, புத்திசாலித்தனமான வழி ஏற்கெனவே கண்ணெதிரே இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதை விட்டு விலகியது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அவர்களுடைய கணக்கு வேறு. எரிபொருள் செலவை மட்டும் பார்க்காதே, விமானம் ஒரு நாளில் எத்தனை நடை போய்வருகிறது என்றும் பார். வேகம் கூடினால் நடை கூடும். அதிர்வில்லாத, மேகத்துக்கு மேலே பறக்கிற விமானம் ஒன்று இருக்கும்போது பயணி புரொபெல்லரைத் தேடிப் போகமாட்டான். கோரிக்கைக்குப் பல நிறுவனங்கள் வரைவுகளை அனுப்பின. கடைசிச் சுற்றில் மிஞ்சிய மூன்றுமே ஜெட்கள்: ஊரெல்-துபுவா நிறுவனத்தின் நீண்டு ஒடுங்கிய இறக்கை கொண்ட விமானம், ஸ்யூட்-ஒய்ஸ்ட் நிறுவனத்தின் ஒன்று, ஸ்யூட்-எஸ்ட்டின் எக்ஸ்-210. 1952-ல் எக்ஸ்-210 தேர்வானது.

அதன் முதல் வரைபடத்தைப் பார்த்தால் அடையாளம் தெரியாது. அதில் மூன்று எஞ்சின்கள். பிரான்சில் தயாரான ஆட்டார் எஞ்சின் அவ்வளவு பலம் வாய்ந்ததல்ல, மூன்று போட்டால்தான் இழுக்கும். மூன்றில் இரண்டை இறக்கைக்குக் கீழே வைத்தால் மூன்றாவதை எங்கே வைப்பது? அதனால் மூன்றையும் சேர்த்துப் பின்பக்கமே வைத்தார்கள். அப்புறம் ரோல்ஸ் ராய்ஸின் ஏவன் எஞ்சின் போதுமான பலத்தோடு கிடைக்கத் தொடங்கியது. இரண்டு ஏவன் இருந்தால் மூன்று ஆட்டார் செய்கிற வேலை நடந்துவிடும். நடுவிலிருந்த எஞ்சினை எடுத்தார்கள். பக்கத்து இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன. உலகம் முழுவதும் பின்னால் பரவிய ஒரு வடிவம், போதாத எஞ்சினுக்காகப் போட்ட வரைபடத்தில் ஒன்றைக் கழித்தபோது மிஞ்சியது.

ஆனால் இருந்துவிட்டதற்குக் காரணம் சோம்பல் அல்ல. ஸ்யூட்-எஸ்ட்டின் தொழில்நுட்பத் தலைவர் பியேர் சாத்ரும் அவருடைய குழுவும் அந்த இடத்தின் நன்மைகளை ஒவ்வொன்றாகக் கண்டுகொண்டார்கள். இறக்கையில் எதுவும் தொங்காததால் காற்று அதன்மேல் தடையின்றி வழுக்கிப் போகும். இறக்கை தன் முழுத் திறனையும் காட்டும். இரண்டு எஞ்சின்களும் உடலின் நடுக்கோட்டுக்கு நெருக்கமாக இருப்பதால், ஒன்று நின்றுபோனாலும் விமானம் ஒரு பக்கமாக வெட்டி இழுக்காது; விமானி சமாளிப்பது சுலபம். இரண்டே எஞ்சின் கொண்ட விமானத்துக்கு இது சின்ன விஷயமல்ல. எஞ்சினில் தீப்பிடித்தால் இறக்கையிலிருக்கும் எரிபொருள் தொட்டிக்கு அது தூரம். இறக்கைக்கு அடியில் இடம் விட வேண்டியதில்லை என்பதால் சக்கரக் கால்களைக் குட்டையாக வைக்கலாம். இவை எல்லாவற்றையும்விடப் பயணி உடனே உணர்ந்த நன்மை ஒன்று உண்டு: சத்தம் பின்னால் போய்விட்டது. புரொபெல்லர் விமானத்தில் பல் அதிரப் பயணம் செய்து பழகியவர்களுக்குக் காரவெல்லின் முன்வரிசை இருக்கைகள் வேறு உலகமாக இருந்தன. பின்வரிசைக்காரர்களுக்கு மட்டும் எஞ்சின் பக்கத்திலேயே இருந்தது.

இன்னொரு முடிவும் எனக்குப் பிடித்தது. புதிதாகச் செய்யத் தேவையில்லாததைப் புதிதாகச் செய்யாமல் விட்டார்கள். பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனம் காமெட் என்ற உலகின் முதல் பயணிகள் ஜெட்டை 1952 மே மாதத்திலேயே சேவைக்கு விட்டிருந்தது. அதன் மூக்குப் பகுதியையும் விமானி அறையின் அமைப்பையும் உரிமம் பெற்று அப்படியே எடுத்துக்கொண்டார்கள். காரவெல்லையும் காமெட்டையும் முன்னாலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி என்றுதான் தோன்றும். நாட்டுப் பெருமையை மீட்க வேண்டும் என்ற வேகத்தில் இருந்த ஒரு அரசு நிறுவனம், எஞ்சினையும் மூக்கையும் பக்கத்து நாட்டிடம் வாங்கியது. அந்த நிதானம் இல்லாவிட்டால் இன்னொரு ஆர்மன்யாக்தான் வந்திருக்கும்.

1953-ல் நான்கு உடல்களுக்கு ஒப்பந்தமானது: இரண்டு பறப்பதற்கு, இரண்டு தரையிலேயே வைத்துச் சோதிப்பதற்கு. முதல் காரவெல் துலூஸில் உருவாகிக்கொண்டிருந்தபோதே, 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு காமெட்கள் மத்தியதரைக் கடலுக்கு மேலே நடுவானில் சிதறின. பிரிட்டனின் ஃபார்ன்பரோவில் ஒரு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, திரும்பத் திரும்ப அழுத்தம் ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். விமானம் ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் உள்ளே காற்றழுத்தத்தால் உப்பும், இறங்கும்போது சுருங்கும். அப்படி உப்பிச் சுருங்கியதில் உலோகம் களைத்து, திறப்புகளின் மூலையில் விரிசல் விட்டிருந்தது. ஒரு நாளைக்குப் பல முறை ஏறி இறங்கவேண்டிய குறுகிய தூர ஜெட்டுக்கு இதைவிட முக்கியமான செய்தி இருக்க முடியாது. கடல் தாண்டும் விமானம் ஒரு வாரத்தில் படும் அந்த உப்பலைக் காரவெல் இரண்டு மூன்று நாளில் பட்டுவிடும்.

காரவெல்லின் ஜன்னலை இந்தப் பின்னணியோடு பார்க்க வேண்டும். அது வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. முனைகள் உருண்ட முக்கோணம். அகலமான பக்கம் கீழே. உடலில் வெட்டும் துளை சிறிதாக இருக்க வேண்டும், ஆனால் பயணிக்குக் காட்சி குறையக் கூடாது. விமானத்தில் உட்கார்ந்திருப்பவர் வானத்தைப் பார்ப்பதில்லை, கீழேதான் பார்ப்பார். அப்படியானால் மேல் பக்கம் கண்ணாடி எதற்கு? அதைக் குறுக்கிவிட்டார்கள். மனிதர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று கவனித்து வரைந்த ஜன்னல் அது. இன்றும் ஒரு பழைய புகைப்படத்தில் விமானத்தின் நடுப்பகுதி மட்டும் தெரிந்தால் போதும், காரவெல் என்று சொல்லிவிடலாம்.

1955 மே 27-ஆம் தேதி, விமானி பியேர் நாதோ, துணை விமானி ஆந்த்ரே முவானே ஆகியோரின் கையில் முதல் காரவெல் துலூஸின் பிளான்யாக் ஓடுபாதையை விட்டு எழுந்து 41 நிமிடம் பறந்து இறங்கியது. ஸ்யூட்-எஸ்ட்டை அப்போது நடத்தியவர் ஜார்ஜ் எரெய். சட்டம் படித்தவர், நல்ல வியாபாரி. விமானத்துக்கு அமைந்த பெயர், 15-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசிய மாலுமிகள் தெரியாத கடலுக்குள் ஓட்டிப்போன இலகுவான பாய்க்கப்பலின் பெயர். கொலம்பஸின் மூன்று கப்பல்களில் இரண்டு அந்த வகை. 1957-ல் இரண்டாவது முன்மாதிரி விமானம் தென், வட அமெரிக்கக் கண்டங்களைச் சுற்றி வந்ததைப் பார்க்கும்போது, பெயர் சும்மா அமைந்ததல்ல என்று தோன்றுகிறது.

ஏர் பிரான்ஸ் 1956 பிப்ரவரியில் 12 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அடுத்த ஆண்டு ஸ்காண்டிநேவிய நாடுகளின் எஸ்ஏஎஸ் வந்தது. நீளமான பட்டியலில் இந்த ஒரு பெயர்தான் எல்லாவற்றையும் மாற்றியது. சொந்த நாட்டு நிறுவனம் வாங்குவது வேறு, கட்டாயம் எதுவும் இல்லாத வெளிநாட்டு நிறுவனம் வாங்குவது வேறு. அதே 1957-ல் ஸ்யூட்-எஸ்ட்டும் ஸ்யூட்-ஒய்ஸ்ட்டும் இணைந்து ஸ்யூட் ஏவியேஷன் ஆயின. 1959 ஏப்ரலில் பிரெஞ்சு, அமெரிக்கச் சான்றிதழ்கள் இரண்டும் ஒரு வார இடைவெளிக்குள் கிடைத்தன. ஏப்ரல் 26 அன்று எஸ்ஏஎஸ் முதல் பயணிகளை ஏற்றியது. மே 6 அன்று ஏர் பிரான்ஸ் பாரிஸ்-ரோம்-இஸ்தான்புல் சேவையைத் தொடங்கியது. சோவியத் யூனியனின் டியூ-104 இதற்கு மூன்று ஆண்டு முன்பே ஓடிக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் அது குண்டுவீச்சு விமானம் ஒன்றின் உடன்பிறப்பு. குறுகிய, நடுத்தரத் தூரத்துக்கென்றே முதல் கோட்டிலிருந்து வரையப்பட்டுச் சேவைக்கு வந்த ஜெட் காரவெல்தான்.

அந்த ஏப்ரலில் இன்னொன்றும் செய்து காட்டினார்கள். பாரிஸுக்கு மேலே நல்ல உயரத்துக்கு ஏறிய ஒரு காரவெல், எஞ்சின்களை அடக்கிவிட்டு, உந்துதல் ஏதுமின்றி மிதந்தபடியே தீஜோன் நகரம் வரை போனது. 265 கிலோமீட்டர், 46 நிமிடம். விளம்பரத்துக்காகச் செய்ததுதான். ஆனாலும் எதுவும் தொங்காத இறக்கை என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கியிருக்க முடியாது.

தரையிலும் சில வசதிகள். வாலுக்கு அடியில் ஒரு படிக்கட்டு மடிந்திருக்கும். இறங்கியதும் அதை விரித்துப் பயணிகள் பின்வழியாகவே இறங்கிப் போவார்கள், விமான நிலையம் படிக்கட்டு வண்டி அனுப்பும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆரம்ப வகைகளில், குட்டையான ஓடுபாதையில் நிற்பதற்காகப் போர் விமானம்போல வாலிலிருந்து ஒரு பாராசூட் விரியும். எஞ்சின் காற்றை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கும் அமைப்பு பின்னர் வந்த 6-ஆர் வகையில்தான் சேர்ந்தது. அந்த வகையை அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் கேட்டு வாங்கியது.

யுனைடெட்டின் ஆர்டர் 1960 பிப்ரவரியில் வந்தது: 20 விமானங்கள். உலகத்துக்கே விமானம் விற்றுக்கொண்டிருந்த அமெரிக்காவில் ஒரு பிரெஞ்சு ஜெட் நுழைந்தது. 1961 ஜூலை 14 அன்று அந்தச் சேவை தொடங்கியது. பிரான்சின் தேசிய நாள் அது. இங்கிருந்துதான் காரவெல்லின் கதையில் எனக்கு மிகவும் வலிக்கிற பகுதி ஆரம்பிக்கிறது.

அதே 1960 பிப்ரவரியில் ஸ்யூட் ஏவியேஷன் அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. காரவெல்லை டக்ளஸ் விற்றுக்கொடுக்கும், பராமரிப்பைப் பார்த்துக்கொள்ளும். ஆர்டர் போதுமான அளவு வந்தால் அமெரிக்காவிலேயே கட்டவும் செய்யும். ஜெனரல் எலக்ட்ரிக் ஒரு காரவெல்லை வாங்கி, கொலம்பஸின் மூன்றாவது கப்பலான சான்டா மரியாவின் பெயரைச் சூட்டி, தன்னுடைய புதிய எஞ்சினைப் பொருத்தி 1960 டிசம்பரில் பறக்கவிட்டது. அந்த எஞ்சின் கொண்ட 20 விமானங்களை அமெரிக்காவின் டிடபிள்யூஏ விமான நிறுவனம் ஆர்டர் செய்தது. எல்லாம் கூடிவரும் போலத்தான் இருந்தது. அப்புறம் டிடபிள்யூஏ பின்வாங்கியது. டக்ளஸ் ஒப்பந்தமும் முறிந்தது. 1963-ல் டக்ளஸ் தானே ஒரு விமானத்தை அறிவித்தது: வாலில் இரண்டு எஞ்சின், வாலுக்கடியில் படிக்கட்டு, குறுகிய தூரம். டிசி-9. 1965 பிப்ரவரியில் அது பறந்தது.

டக்ளஸைக் குறை சொல்லிப் பயனில்லை. டிசி-9 நகல் அல்ல. காரவெல் நிரூபித்ததை எடுத்துக்கொண்டு பத்தாண்டு புதிய தொழில்நுட்பத்தில் செய்த விமானம். அதன் பிராட் அண்ட் விட்னி ஜேடி8டி எஞ்சின், உள்ளே வரும் காற்றில் ஒரு பகுதியை எரிக்காமல் சுற்றி அனுப்புவதால் ஏவனைவிடக் குறைவாகக் குடித்தது, சத்தமும் குறைவு. காரவெல்லின் விமானி அறையில் மூன்று பேர் வேண்டும். டிசி-9-க்கு இரண்டு பேர் போதும். ஒவ்வொரு நடைக்கும் ஒரு சம்பளம் மிச்சம். குறுகிய தூரத்தில் லாபம் இப்படிச் சில்லறை சில்லறையாகத்தான் சேரும்.

ஸ்யூட் ஏவியேஷனும் சும்மா இருக்கவில்லை. அதே ஜேடி8டி எஞ்சினைப் பொருத்திய சூப்பர் காரவெல் 1964 மார்ச்சில் பறந்தது, ஃபின்ஏர் முதலில் வாங்கியது. ஆனால் பணமும் மனமும் வேறு பக்கம் திரும்பிவிட்டன. 1962 நவம்பரில் பிரிட்டனும் பிரான்சும் காங்கார்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பியேர் சாத்ரும் துலூஸின் மற்ற சிறந்த மூளைகளும் ஒலியை மிஞ்சும் விமானத்துக்குப் போனார்கள். காரவெல்லுக்கு நீண்ட உடலும் புதிய எஞ்சினும் அவசரமாகத் தேவைப்பட்ட அதே ஆண்டுகள் அவை. 140 பேர் வரை ஏறக்கூடிய நீண்ட காரவெல் 12 கடைசியில் வந்தது, 1970-ல். வெறும் 12 விமானங்கள்தான் கட்டினார்கள். காரவெல் மொத்தம் 282. டிசி-9 976. மூன்று எஞ்சினையும் பின்னால் வைத்த போயிங் 727 1,800-ஐத் தாண்டியது. காங்கார்டு 20.

அமெரிக்க எண்களோடு ஒப்பிட்டுச் சோர்ந்துபோவதும் சரியல்ல. பிரிட்டனின் ஜெட்களைப் பாருங்கள்: காமெட் 114, டிரைடென்ட் 117, பிஏசி ஒன்-இலெவன் 244. ஏர்பஸ் வரும்வரை மேற்கு ஐரோப்பா கட்டிய எந்தப் பயணிகள் ஜெட்டும் காரவெல் அளவுக்கு விற்கவில்லை. 1960-ல் பிரான்சுக்கு வந்த சோவியத் தலைவர் குருஷ்சேவையும் காரவெல்லில்தான் ஏற்றிப்போனார்கள். மூன்று ஆண்டில், வாலில் இரண்டு எஞ்சினோடு சோவியத்தின் டியூ-134 பறந்தது.

இந்தியாவில் காரவெல்லுக்கு ஒரு தனி இடம் உண்டு. டகோட்டா, வைகவுன்ட், ஃபோக்கர் என்று புரொபெல்லர் விமானங்களையே ஓட்டிக்கொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 1964-ல் காரவெல்லைச் சேவைக்குக் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தின் முதல் ஜெட் அதுதான். தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களையும் வரைபடத்தில் இணைத்துப் பாருங்கள்: ஒன்றுக்கொன்று ஆயிரம் முதல் ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். 1951-ல் பாரிஸில் உட்கார்ந்து எழுதிய அந்த 2,000 கிலோமீட்டர் கோரிக்கை, இந்தியாவை மனதில் வைத்து எழுதியதுபோலவே பொருந்துகிறது.

ஆனால் தமிழர்களுக்குக் காரவெல் என்றதும் நினைவுக்கு வருவது துக்கம்தான். 1976 அக்டோபர் 12 அன்று பம்பாயிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் காரவெல், ஏறிய சிறிது நேரத்தில் வலது எஞ்சினில் தீப்பிடித்து, திரும்பி இறங்க முயன்றபோது விழுந்தது. விமானத்திலிருந்த 95 பேரும் இறந்தார்கள். தமிழ்ப் படம் ஒன்றில் நடித்துக்கொண்டிருந்த மலையாள நடிகை ராணி சந்திராவும் அவர்களில் ஒருவர். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் சக்கரங்களில் ஒன்று, உலோகக் களைப்பினால் விரிசல் விட்டு உடைந்திருந்தது. உடைந்த துண்டு எரிபொருள் குழாயை அறுத்தது, தீ பரவியது, கட்டுப்பாட்டு அமைப்பை இயக்கும் ஹைட்ராலிக் திரவம் வடிந்துபோனது. எஞ்சினை வாலில் வைப்பதன் மறுபக்கம் இங்கே தெரிகிறது. தொட்டி இறக்கையில், எஞ்சின் பின்னால் என்றால் இரண்டுக்கும் நடுவில் எரிபொருள் குழாய் உடலுக்குள் ஓடித்தான் ஆக வேண்டும். தீயைத் தொட்டியிலிருந்து தள்ளி வைத்த அதே அமைப்பு, எரிபொருளைப் பயணிகள் அறைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது.

இலங்கையிலிருந்து கிளம்பிய ஒரு காரவெல்லும் வீடு திரும்பவில்லை. கொழும்பில் விடுமுறையைக் கழித்துவிட்டு டென்மார்க்குக்குத் திரும்பிய சுற்றுலாப் பயணிகளோடு, ஸ்டெர்லிங் ஏர்வேஸின் சூப்பர் காரவெல் 1972 மார்ச் 14 அன்று துபாயில் இறங்க வந்துகொண்டிருந்தபோது மலையில் மோதியது. 112 பேர் இறந்தார்கள். காரவெல் விபத்துகளில் மிகப் பெரியது அது. துபாய் உண்மையில் இருந்ததைவிடப் பக்கத்தில் இருப்பதாக எண்ணிச் சீக்கிரமே இறங்கத் தொடங்கிவிட்டார்கள்.

சுவிட்சர்லாந்தின் டூரெனேஷ் விபத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1963 செப்டம்பர் 4 அன்று சூரிச்சில் அடர்ந்த மூடுபனி. ஸ்விஸ்ஏர் காரவெல்லின் விமானிகள் பிரேக்கைப் பிடித்தபடி எஞ்சினை ஓங்கி ஓட்டி, ஓடுபாதையில் ஊர்ந்து, வெப்பக் காற்றால் பனியைக் கலைக்கப் பார்த்தார்கள். பிரேக் கொதித்தது, சக்கரத்தின் விளிம்பு வெடித்தது. வானில் ஏறிச் சக்கரங்களை உள்ளே இழுத்ததும் தீ உடலுக்குள் போய்விட்டது. 80 பேர் இறந்தார்கள். அவர்களில் 43 பேர் ஹும்லிகோன் என்ற ஒரே கிராமத்துக்காரர்கள். ஏறக்குறைய ஊரில் ஐந்தில் ஒருவர். அத்தனை வீடுகளில் ஒரே நாளில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை நினைத்தால் எழுதும் கை நிற்கிறது.

மூடுபனியை வேறு விதமாக வென்றதும் காரவெல்தான் என்பதால் இதை அடுத்தே சொல்கிறேன். பிரான்சின் உள்நாட்டு நிறுவனம் ஏர் இன்டருக்கு ரயில்தான் போட்டி. குளிர்காலத்தில் பனி இறங்கினால் விமானம் நிற்கும், ரயில் போகும். தரையிலிருந்து வரும் ரேடியோ கற்றையைப் பிடித்துக்கொண்டு, கடைசி மீட்டர்களில் உயரத்தைத் துல்லியமாக அளந்து, விமானியின் கை படாமல் சக்கரம் தரையைத் தொடும்வரை இறக்கும் கருவியைத் தன் காரவெல்களில் பொருத்தியது. பிரிட்டிஷாரும் டிரைடென்ட்டில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். 1969 ஜனவரியில் ஏர் இன்டர் காரவெல் ஒன்று பயணிகளோடு, மூடுபனியில் தானாக இறங்கியது.

வாலில் எஞ்சின் வைக்கும் வழக்கம் பெரிய விமானங்களில் நிலைக்கவில்லை. 1967-ல் பறந்த போயிங் 737 எஞ்சினைத் திரும்ப இறக்கைக்கு அடியில் கொண்டுவந்தது. எடை முழுவதும் பின்னால் போனால் விமானத்தைச் சமன்படுத்துவது சிரமம். இறக்கையில் தொங்கும் எஞ்சின், இறக்கை மேல்நோக்கி வளைவதைத் தன் எடையால் பிடித்து நிறுத்தும். அதனால் இறக்கையை இலேசாகக் கட்டலாம். கிடைவால், அதாவது வாலின் கிடைமட்டச் சிறகு, நிமிர்ந்த வாலின் உச்சிக்கு ஏறிய வடிவங்களில் வேறு ஆபத்தும் தெரியவந்தது: விமானம் மூக்கைத் தூக்கி வேகம் இழந்தால், இறக்கையின் கலங்கிய காற்றுக்குள் அந்தக் கிடைவால் மாட்டிக்கொண்டு பயனற்றுப்போகும். 1963 அக்டோபரில் பிஏசி ஒன்-இலெவனின் முதல் விமானம் அப்படித்தான் விழுந்தது. காரவெல்லின் கிடைவால் நிமிர்ந்த வாலின் உச்சிக்குப் போகாமல் பாதியிலேயே நின்றது. சிறிய ஜெட்களுக்கு மட்டும் வேறு வழி இல்லை. அவற்றின் இறக்கை தரைக்கு மிக அருகில், கீழே எஞ்சினுக்கு இடமே கிடையாது.

குறுகிய தூரத்தைப் பிரான்ஸ் இன்னொரு முறையும் கணக்குப் போட்டது. தசோ நிறுவனத்தின் மெர்க்யூர் 1971 மே மாதம் பறந்தது. இதுவும் இரண்டு எஞ்சின்தான், ஆனால் இறக்கைக்கு அடியில். இந்த முறை தூரத்தை மிகவும் குறுக்கிவிட்டார்கள். பிரான்சுக்குள் ஓடுவதற்குச் சரி, வேறு நாட்டுக்காரருக்கு உதவாது. ஏர் இன்டர் மட்டும் வாங்கியது, மொத்தம் 12 கட்டியதோடு நின்றுபோனது.

துலூஸ் நிற்கவில்லை. காரவெல்லைப் பறக்கவிட்டுச் சோதித்த குழுவில் இருந்த ரொஜே பெதேய் பின்னர் ஏர்பஸ் ஏ300-ஐ வடிவமைத்து வழிநடத்தினார். இரண்டே எஞ்சின், ஆனால் அகலமான உடல், நிறையப் பேர், நடுத்தரத் தூரம். 1972 அக்டோபரில் அது பிளான்யாக்கிலிருந்து எழுந்தது. 1976-ன் இறுதியில் இந்தியன் ஏர்லைன்ஸுக்கு வந்த முதல் ஏ300-களும் அங்கிருந்து வந்தவைதான். காரவெல்லை ஏர் பிரான்ஸ் 1981-ல் ஓய்வுக்கு அனுப்பியது. ஸ்வீடனின் விமானப்படை, ரேடியோ சமிக்ஞைகளை ஒற்றுக்கேட்க வைத்திருந்த இரண்டு காரவெல்களை 1990-களின் இறுதிவரை பறக்கவிட்டது. இன்று பிளான்யாக் ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே ஏரோஸ்கோபியா அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே காங்கார்டும் ஏ300-ம் நிற்கின்றன, காரவெல்லும் நிற்கிறது. கீழே நின்றே அதன் முக்கோண ஜன்னல்களை எண்ணலாம்.